ராணுவத்தை முகாமுக்குத் திருப்பி அனுப்பிய ஜெனரல்: யார் இந்த குட்டியரஸ் மெயாடோ?

1981 பிப்ரவரி 23, திங்கட்கிழமை மாலை. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் நாடாளுமன்றத்தின் கீழவை கூடியிருந்தது. புதிய பிரதமரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு. ஒவ்வொரு எம்.பி.யின் பெயராக வாசிக்க, அவர்கள் எழுந்து தங்கள் முடிவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மணி 6.23 இருக்கும். கையில் பிஸ்டலோடு ஒரு லெப்டினன்ட் கர்னல் உள்ளே நுழைந்து மேடைப் பக்கம் போனார். பின்னாலேயே 'சிவில் கார்டு' எனும் துணை ராணுவப் படையினர் இயந்திரத் துப்பாக்கிகளோடு புகுந்தார்கள். கட்டடத்துக்குள் வந்தவர்கள் மொத்தம் சுமார் 200 பேர்.

எல்லோரும் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்த அந்த நொடியில், அமைச்சர்கள் வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்தார். வயது 68. ஒல்லியான உடம்பு, கண்ணாடி, சாதாரண கோட்டு சூட்டு. நேராகத் துப்பாக்கிக்காரர்களிடம் போய், ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். யாரும் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துச் சுட ஆரம்பித்தார்கள். 350 எம்.பி.க்களில் ஏறக்குறைய எல்லோரும் படக்கென்று இருக்கைகளுக்கு அடியில் படுத்துவிட்டார்கள். அவர் படுக்கவில்லை. லெப்டினன்ட் கர்னல் பின்னாலிருந்து பிடித்துக் கீழே தள்ளப் பார்த்தார். அப்போதும் அவர் விழவில்லை.

அரசுத் தொலைக்காட்சியின் கேமரா அந்த நேரத்தில் ஓடிக்கொண்டே இருந்ததால் இந்தக் காட்சி பதிவாகிவிட்டது. இன்றைக்கும் யூடியூபில் தேடினால் கிடைக்கும்.

அந்த மனிதர் மனுவேல் குட்டியரஸ் மெயாடோ. அன்றைய தேதியில் ஸ்பெயினின் துணைப் பிரதமர். வாழ்நாள் முழுக்க ராணுவ ஜெனரல். அவர் அந்த உத்தரவை ஜெனரலாகப் போட்டாரா, அமைச்சராகப் போட்டாரா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் ராணுவம் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அவர் அதற்கு முந்தைய நாலரை வருஷத்தைச் செலவழித்திருந்தார்.

கலகக்காரராகத் தொடங்கிய வாழ்க்கை

மெயாடோ பிறந்தது 1912 ஏப்ரல் 30, மாட்ரிட்டில். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர், உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1929-ல் சரகோசா நகரில் இருந்த ராணுவ அகாடமியில் சேர்ந்தார். அப்போது அந்த அகாடமியின் இயக்குநர் ஒரு குள்ளமான, கண்டிப்பான ஜெனரல். பெயர் பிரான்சிஸ்கோ பிராங்கோ. ஆமாம், பிற்காலத்தில் ஸ்பெயினைக் கிட்டத்தட்ட 40 வருஷம் கைக்குள் வைத்திருந்த அதே சர்வாதிகாரிதான்.

1936 ஜூலையில் ராணுவத்தின் ஒரு பகுதி, தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்திருந்த குடியரசு அரசுக்கு எதிராகக் கலகம் செய்தது. 24 வயது பீரங்கிப் படை லெப்டினன்ட் மெயாடோ யார் பக்கம்? கலகக்காரர்கள் பக்கம்தான். மாட்ரிட்டில் கலகம் தோற்றது. அவர் ஜெயிலுக்குப் போனார். அந்த இலையுதிர் காலத்தில் மாட்ரிட் ஜெயில்களிலிருந்து கைதிகளை லாரியில் ஏற்றி, நகருக்கு வெளியே பராகுயோஸ் என்ற இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். மெயாடோ பிழைத்தார். வெளியே வந்ததும், எதிரியின் பிடியில் இருந்த அதே நகரத்தில் மறைந்து வாழ்ந்துகொண்டு பிராங்கோ தரப்புக்கு ரகசியத் தகவல் அனுப்பும் வேலையைச் செய்தார்.

ஆக, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் காப்பாற்ற 1981-ல் எழுந்து நின்றவர், 1936-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்க்கக் கிளம்பியவர்களில் ஒருவர். அவருடைய வாழ்க்கையைச் சொல்கிற எவரும் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

1939-ல் போர் முடிந்தது. பிராங்கோ ஜெயித்தார். அதன் பிறகு ஸ்பெயினில் ராணுவம் என்பது வெறும் எல்லைக் காவல் இல்லை. ஆட்சியே அவர்கள் போரில் ஜெயித்து வாங்கியது என்பதுதான் அங்கே நிலவிய நினைப்பு. தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்றுக்கும் தனித்தனி அமைச்சகம்; மூன்றிலும் சீருடைக்காரர்களே அமைச்சர்கள். அரசியல் எதிரிகளை, சாதாரண குடிமக்களாக இருந்தாலும், ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம். போலீஸ் படைகளின் தலைமையும் ராணுவ அதிகாரிகள் கையில். இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சர் ஓர் அரசியல்வாதி என்பது நமக்கு ரொம்ப சாதாரணமான விஷயம். ஸ்பெயினில் அப்படி ஒன்று இருக்க முடியும் என்பதையே ஒரு தலைமுறை அதிகாரிகள் யோசித்துப் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு செல்வாக்கு இருந்தும் அந்த ராணுவம் ஏழை ராணுவம். சம்பளம் குறைவு. தளவாடம் பழசு. தேவைக்கு மேல் அதிகாரிகள். குடும்பத்தை ஓட்டப் பலர் இரண்டாவது வேலை பார்த்தார்கள். மெயாடோவும் உளவுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, நடுவில் சில வருஷம் ராணுவத்தை விட்டுத் தனியார் நிறுவன வேலைக்குப் போய்த் திரும்பியவர்தான். அவரை மாற்றியது ஏதோ ஒரு திடீர் ஞானோதயம் என்று சொல்ல முடியாது. வெளி உலகைப் பார்த்ததும், 1970-களின் தொடக்கத்தில் தீயெஸ் அலெக்ரியா என்ற ஜெனரலின் கீழ் வேலை பார்த்ததும் சேர்ந்துதான் மாற்றின. ராணுவம் ஒரு தொழில், அதைச் செய்பவர்கள் அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று நினைத்த சிலர் அந்த ஜெனரலைச் சுற்றி இருந்தார்கள். 1974-ல் ருமேனிய அதிபர் சௌசெஸ்குவைச் சந்தித்த விவகாரத்தில் தீயெஸ் அலெக்ரியாவின் பதவி பறிபோனது. மெயாடோ தப்பினார்.

பிராங்கோ போனார், ராணுவம் இருந்தது

1975 நவம்பர் 20-ல் பிராங்கோ இறந்தார். அவரே தேர்ந்தெடுத்து வைத்திருந்த வாரிசு ஹுவான் கார்லோஸ் மன்னரானார். 1976 ஜூலையில் அடோல்ஃபோ சுவாரெஸ் என்ற 43 வயது அரசியல்வாதியை மன்னர் பிரதமராக்கினார். பழைய ஆட்சிக்குள்ளேயே வளர்ந்தவர் இவர். தேர்தல், கட்சிகள், தொழிற்சங்கங்கள் என ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவருவதுதான் அவருடைய திட்டம்.

சிக்கல் எங்கே? சட்டத்தை மாற்றலாம், நாடாளுமன்றத்தை மாற்றலாம். டாங்கிகளை வைத்திருப்பவர்களை எப்படி மாற்றுவது? அவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்ப சுவாரெஸிடம் பலம் இல்லை. அவர்கள் சம்மதத்துக்காகக் காத்திருந்தால் எதுவுமே நடக்காது.

1976 செப்டம்பர் 8-ல் சுவாரெஸ் மூத்த ராணுவத் தளபதிகளைக் கூட்டி வைத்துத் தன் சீர்திருத்தத்தை விளக்கினார். கம்யூனிஸ்ட் கட்சிக்கு அனுமதி கிடைக்காது என்ற நம்பிக்கையோடு தளபதிகள் வெளியே போனார்கள். அவர் அப்படி வாக்குக் கொடுத்தாரா, அவர்களாகவே அப்படிப் புரிந்துகொண்டார்களா என்ற பஞ்சாயத்து ஸ்பெயினில் ரொம்ப காலம் ஓடியது.

அதே மாதம் தொழிற்சங்கங்களை அனுமதிப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, பாதுகாப்புக்கான துணைப் பிரதமராக இருந்த ஜெனரல் தே சந்தியாகோ எதிர்த்து வெளியேறினார். அந்த நாற்காலிக்கு சுவாரெஸ் கூப்பிட்டது மெயாடோவை. அவர் அப்போதுதான் தரைப்படைத் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்தார். ராணுவத்துக்குள்ளே இருந்து வந்த ஒருவரை வைத்தே ராணுவத்தை மாற்றுவது என்பதுதான் கணக்கு. அதற்கான விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை வந்த அதிர்ச்சி

மெயாடோ முதலில் கை வைத்தது சத்தமில்லாத விஷயத்தில். 1977 பிப்ரவரியில் வந்த ஆணைப்படி, பணியில் உள்ள எந்த ராணுவ அதிகாரியும் கட்சியில் சேரக் கூடாது, அரசியல் நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது. ஈடுபட வேண்டுமா, வேலையை விட்டுவிட்டுப் போகலாம். படித்தால் சாதாரண நடத்தை விதி மாதிரி இருக்கும். ஆனால் ஆளும் வர்க்கமாகவே தங்களை நினைத்துப் பழகியவர்களிடம், உங்களுக்கும் ஆட்சிக்கும் இனி சம்பந்தமில்லை என்று சொல்வதுதான் அது.

சத்தம் வந்தது ஏப்ரலில். 1977 ஏப்ரல் 9, ஈஸ்டருக்கு முந்தைய புனித சனிக்கிழமை. நாடே விடுமுறையில் இருந்தபோது சுவாரெஸ் அரசு கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டபூர்வமாக்கியது. உள்நாட்டுப் போரில் யாரைத் தோற்கடித்ததற்காகப் பதக்கம் வாங்கினார்களோ, அவர்களே தேர்தலில் நிற்கப்போகிறார்கள். கடற்படை அமைச்சர் அட்மிரல் பீட்டா தா வெய்கா ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு வரப் பணியில் இருந்த அட்மிரல்கள் யாரும் தயாரில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 12-ல் தரைப்படையின் உயர் கவுன்சில் கூடி, முடிவு பிடிக்கவில்லை, ஆனாலும் நாட்டு நலனுக்காகக் கட்டுப்படுகிறோம் என்ற ரீதியில் நிலைப்பாடு எடுத்தது.

'பிடிக்கவில்லை' என்பதுதான் அன்றைய தலைப்புச் செய்தி. மெயாடோவுக்கு முக்கியமாக இருந்தது 'கட்டுப்படுகிறோம்' என்ற பகுதி. மனசை மாற்றுவது அவர் வேலை இல்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. மனசில் என்ன இருந்தாலும் உத்தரவு எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து வந்தால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

1977 ஜூன் 15-ல் பொதுத் தேர்தல். 1936-க்குப் பிறகு, 41 வருஷம் கழித்து நடந்த முதல் சுதந்திரத் தேர்தல். சுவாரெஸ் ஜெயித்தார். அடுத்த மாதமே மூன்று ராணுவ அமைச்சகங்களும் காணாமல்போய், ஒரே பாதுகாப்பு அமைச்சகம் வந்தது. முதல் அமைச்சர் மெயாடோ.

இதில் என்ன பெரிய விஷயம்? அதுவரை அமைச்சரவையில் மூன்று படைகளுக்கும் ஆளுக்கொரு குரல் இருந்தது. நாட்டின் பட்ஜெட், போலீஸ், பத்திரிகை எல்லாவற்றிலும் அவர்கள் கருத்துச் சொல்லலாம், முட்டுக்கட்டையும் போடலாம். இப்போது படைத் தளபதிகள் அமைச்சரவைக்கு வெளியே. உள்ளே இருப்பது ஒரே ஒருவர். அந்த ஒருவரும் நாளைக்கு சீருடை இல்லாதவராக இருக்கலாம். தனித்தனியாகச் சிதறிக் கிடந்த உளவுப் பிரிவுகளில் முக்கியமானவையும் அந்த அமைச்சகத்தின் கீழ் ஒன்றாக்கப்பட்டன.

ஆட்களை நகர்த்துவதும் நடந்தது. மாட்ரிட் அருகே இருந்த 'புருனேத்தே' கவசப் படைப் பிரிவுதான் தலைநகரை ஒரே இரவில் பிடிக்கக்கூடிய படை. அதன் தளபதி மிலான்ஸ் தெல் போஷ், பிராங்கோ விசுவாசி. 1977-ல் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து தூரத்து வலென்சியாவுக்கு மாற்றினார்கள். நீக்கினால் கலகம் வரும், புரமோஷன் கொடுத்தால் வராது என்ற கணக்கு. நாலு வருஷத்துக்கு அது சரியாகவும் இருந்தது. 1979-ல் தரைப்படைத் தலைமைக்கு கபெய்ராஸ் என்ற ஜெனரலைக் கொண்டுவந்தபோது, சீனியாரிட்டிப்படி முன்னால் நின்றவர்களைத் தாண்டி அவரை உயர்த்தினார்கள். சீனியாரிட்டி பட்டியலை வேதமாகப் பார்க்கும் ஓர் அமைப்பில் அது எப்படி எரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1978 டிசம்பரில் புதிய அரசியலமைப்புக்கு மக்கள் வாக்களித்தார்கள். அதன்படி சிவில் நிர்வாகம், ராணுவ நிர்வாகம் இரண்டையும் நடத்துவது அரசு. அதே மாதம் ராணுவத்துக்கான புதிய நடத்தை விதிகளும் சட்டமாயின. அதற்கு முன் இருந்தவை மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்தவை, 1768-ல் எழுதியவை. புதியதில் முக்கியமான ஒரு வரி உண்டு. அரசியலமைப்புக்கு எதிரான குற்றமாக இருக்கும் உத்தரவுக்கு எந்தச் சிப்பாயும் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அந்த வரி எதற்கு என்று இரண்டு வருஷம் கழித்து எல்லோருக்கும் புரிந்தது.

சவப்பெட்டிகளுக்கு முன்னால்

சட்டம் எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று அவருக்கு இருந்தது. இறுதிச் சடங்குகளுக்குப் போவது.

பாஸ்க் பகுதியின் தனிநாடு கேட்ட ஆயுதக் குழு 'எட்டா', ராணுவ அதிகாரிகளையும் போலீசாரையும் தொடர்ந்து கொன்றுவந்தது. இடது தீவிரவாதக் குழுவான கிராப்போவும் கொன்றது. கொன்றது யாராக இருந்தாலும், முகாம்களில் திட்டு வாங்கியது மெயாடோ. ஜனநாயகம் வந்ததால்தான் இந்தச் சாவு, அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம்ம ஆளே, துரோகி என்ற பேச்சு. தீவிர வலதுசாரிகள் அவரை 'ஜெனரல்' என்று அழைப்பதையே நிறுத்தினார்கள். வெறும் 'சென்யோர் குட்டியரஸ்', அதாவது திருவாளர் குட்டியரஸ். ஒரு சிவிலியனைக் கூப்பிடுவது மாதிரி. திட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

1977 ஜனவரியில் கொல்லப்பட்ட போலீசாரின் இறுதி நிகழ்ச்சியில் ஒரு கடற்படை கேப்டன் அவரை நேருக்கு நேர் அவமதித்தார். 1978 நவம்பரில் கார்தஹேனா துறைமுக நகரில் அதிகாரிகளிடம் அரசியலமைப்பை விளக்கிப் பேசிக்கொண்டிருந்தபோது, சிவில் கார்டு ஜெனரல் அதாரெஸ் எழுந்து எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது. அதாரெஸை விடுதலை செய்தார்கள். ஒரு துணைப் பிரதமரை, மூத்த ஜெனரலை, கீழ் அதிகாரி சபை நடுவே திட்டியது குற்றமில்லை என்றானது. தீர்ப்பு அதாரெஸைப் பற்றியது மட்டுமா?

1979 ஜனவரி 3-ல் மாட்ரிட்டின் ராணுவ ஆளுநர் ஜெனரல் ஒர்தீனை எட்டா சுட்டுக் கொன்றது. மறுநாள் அஞ்சலி. அதிகாரிகள் கட்டுப்பாட்டை மீறி சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். மெயாடோவைச் சூழ்ந்து தள்ளினார்கள், வசைபாடினார்கள். சுற்றி நின்ற பலர் அவருடைய சகாக்கள். சீருடை அணிந்தவர்கள், அவரைப் பார்த்தால் சல்யூட் அடிக்க வேண்டியவர்கள்.

மூன்று மாதம் கழித்து, 1979 ஏப்ரலில், அவர் பாதுகாப்பு அமைச்சர் பதவியை ரோட்ரிகஸ் சஹகூன் என்ற சிவிலியனிடம் கொடுத்தார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஸ்பெயினின் படைகளுக்கு மேலே சீருடை இல்லாத ஒருவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. மெயாடோ துணைப் பிரதமராகத் தொடர்ந்தார். வசவுகள் வழக்கம்போல அவருக்கே வந்தன.

அவர் மறுத்த ஒரு நியாயம்

இங்கே அவரைப் பற்றிய கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

1974-ல், பிராங்கோ உயிரோடு இருந்தபோதே, சில இளம் அதிகாரிகள் ரகசியமாக 'ஜனநாயக ராணுவ சங்கம்' ஆரம்பித்தார்கள். ஸ்பானிஷ் எழுத்துகளில் சுருக்கமாக யு.எம்.டி. அவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கி தூக்கவில்லை. ராணுவம் ஜனநாயகத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று சக அதிகாரிகளிடம் பேசினார்கள். 1975-ல் 9 பேர் கைது. மறுவருஷம் கோர்ட் மார்ஷல், சிறை, பதவி நீக்கம்.

1977 அக்டோபரில் புதிய நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. குண்டு வைத்தவர்களுக்குக்கூட மன்னிப்பு கிடைத்தது. பிராங்கோ ஆட்சியின் அதிகாரிகளும் தப்பினார்கள். யு.எம்.டி. அதிகாரிகளுக்கோ தண்டனை போனது, வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மெயாடோ. அவருடைய தர்க்கம் நேரானது. ராணுவத்துக்குள் அரசியல் குழு கூடாது என்றால் எந்தக் குழுவும் கூடாது, நல்ல குழுவாக இருந்தாலும். அவர்களைத் திரும்பச் சேர்த்தால் மீதி ராணுவம் பொங்கும் என்ற பயமும் கூடவே இருந்தது.

தர்க்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் அது அதே கண்டிப்போடு நடைமுறைக்கு வந்ததா? 1978 நவம்பரில் மாட்ரிட்டின் 'கலக்ஸியா' என்ற காபி கடையில் சிலர் உட்கார்ந்து, அமைச்சரவை கூடியிருக்கும்போது மொத்தப் பேரையும் பிடித்துவிடுவது என்று சதித் திட்டம் போட்டது வெளியே வந்தது. முக்கியமானவர் சிவில் கார்டு லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ. ராணுவ நீதிமன்றம் 1980-ல் அவருக்குக் கொடுத்த தண்டனை 7 மாதமும் 1 நாளும். அதைக் காவலில் இருந்த காலத்திலேயே கழித்திருந்தார். பதவியும் போகவில்லை.

ஜனநாயகம் வேண்டும் என்றவர்கள் வெளியே. ஜனநாயகத்தைக் கவிழ்க்கப் பார்த்தவர் உள்ளே. மெயாடோ தளபதிகளை மாற்றினார், அமைச்சகத்தை மாற்றினார், விதிப்புத்தகத்தை மாற்றினார். தீர்ப்பு சொல்லும் இடத்தை மாற்ற அவரால் முடியவில்லை. சக அதிகாரியைச் சக அதிகாரிதான் விசாரித்தார்.

அந்த 17 மணி நேரம்

1981 ஜனவரி 29-ல் சுவாரெஸ் ராஜினாமா செய்தார். சொந்தக் கட்சியே அவரைக் கைவிட்டிருந்தது, பொருளாதாரம் சரியில்லை, எட்டா கொலைகள் நிற்கவில்லை. புதிய பிரதமராக கால்வோ சொதேலோவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு நடந்த அந்த பிப்ரவரி 23 மாலையில் பிஸ்டலோடு உள்ளே வந்தவர் யார் என்று இப்போது தெரிந்திருக்கும். அதே தெஹேரோ.

வலென்சியாவில் டாங்கிகள் தெருவுக்கு வந்தன. அனுப்பியவர், புரமோஷனோடு அங்கே மாற்றப்பட்ட அதே மிலான்ஸ் தெல் போஷ்.

சுட்டபோது அவையில் படுக்காமல் இருந்தவர்களில் மூன்று பேர் வரலாற்றில் நின்றுவிட்டார்கள். நின்றுகொண்டிருந்த மெயாடோ. தன் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்த சுவாரெஸ். இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் சந்தியாகோ கரியோ. பிறகு தெஹேரோவின் ஆட்கள் முக்கியத் தலைவர்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோனார்கள். கடிகாரங்கள் நிறைந்த ஓர் அறையில் மெயாடோவையும் கரியோவையும் வேறு சிலரோடு உட்கார வைத்தார்கள், எதிர்க்கட்சித் தலைவர் ஃபெலிபே கோன்சாலஸ் உட்பட. பேசக் கூடாது என்று உத்தரவு.

1936 நவம்பரில் மாட்ரிட்டின் பொது ஒழுங்குப் பொறுப்பில் இருந்தவர் அப்போது 21 வயதான இதே கரியோ. பராகுயோஸ் கொலைகள் நடந்தது அந்தக் காலத்தில்தான். அதில் தனக்குப் பங்கில்லை என்று அவர் கடைசிவரை மறுத்தார். வலதுசாரிகள் கடைசிவரை நம்பவில்லை. அன்று கைதியாகவும் உளவாளியாகவும் இருந்தவர் மெயாடோ. 45 வருஷம் கழித்து இரண்டு கிழவர்களும் ஒரே துப்பாக்கி முனையில், ஒரே அறையில், விடியும்வரை.

இரவு 1 மணி தாண்டி, ஹுவான் கார்லோஸ் மன்னர் ராணுவ சீருடையில் டி.வி.யில் தோன்றி, அரசியலமைப்புக்கு எதிரான எதையும் ஏற்க முடியாது என்று படைகளுக்கு உத்தரவு போட்டார். டாங்கிகள் திரும்பின. மறுநாள் மதியம் தெஹேரோ சரணடைந்தார். யாரும் சாகவில்லை. கூரையில் பட்ட குண்டுத் துளைகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் சங்கடமான உண்மை ஒன்று இதில் உண்டு. அன்று இரவு பெரும்பாலான தளபதிகள் கட்டுப்பட்டது மன்னருக்கு. அவர் பிராங்கோ நியமித்த வாரிசு, படைகளின் உச்சத் தலைவர் என்பதால் கட்டுப்பட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அமைச்சர் நேரில் நின்று போட்ட உத்தரவை அவைக்குள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிவில் கட்டுப்பாடு பாதி வழியில் நின்றது என்பதை அந்த இரவைவிடத் தெளிவாக எதுவும் காட்டியிருக்க முடியாது.

மீதி வேலை

சில நாட்களில் புதிய அரசு பதவியேற்றது. மெயாடோ அதில் இல்லை. தன் அரசியல் வாழ்க்கையை அங்கேயே முடித்துக்கொண்டார்.

மீதி வேலையைச் செய்தவர்கள் எல்லோரும் சிவிலியன்கள். 1982-ல் ராணுவ நீதிமன்றம் தெஹேரோவுக்கும் மிலான்ஸ் தெல் போஷுக்கும் 30 வருஷம் கொடுத்தது. ஆனால் சதியின் இன்னொரு மூளையான ஜெனரல் அர்மாடாவுக்கு வெறும் 6 வருஷம். அரசு விடவில்லை, சிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. 1983-ல் அங்கே அர்மாடாவின் தண்டனை 30 வருஷமாக உயர்ந்தது. ராணுவ நீதிபதிகளின் தீர்ப்புக்கு மேலே சிவில் நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். மெயாடோவால் எட்ட முடியாமல்போன இடம் அது.

1982 அக்டோபரில் சோஷலிஸ்டுகள் ஜெயித்தார்கள். பாதுகாப்பு அமைச்சரான நார்சிஸ் செர்ரா 1991 வரை அந்த நாற்காலியில் இருந்தார். மெயாடோ காலத்து ஏற்பாட்டில் முப்படைத் தலைவர்களின் கூட்டுக் குழுதான் படைகளுக்கு உச்சம். அமைச்சருக்கும் அதற்கும் உள்ள உறவு வழவழவென்று விடப்பட்டிருந்தது. 1984-ல் வந்த சட்டம் அதை நேராக்கியது. பிரதமர், அவர் கீழே பாதுகாப்பு அமைச்சர், அவர் கீழே தளபதிகள். கூட்டுக் குழு இனி ஆலோசனை மட்டும் சொல்லும்.

மெயாடோ 1986-ல் போதைப் பழக்கத்துக்கு எதிரான ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1980-களில் ஹெராயின் ஸ்பெயின் இளைஞர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன காலம் அது. எழுபது வயதைத் தாண்டிய ஜெனரல், ராணுவத்தைப் பற்றிப் பேசுவதைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். 1994-ல் அரசு அவருக்கு கௌரவ கேப்டன் ஜெனரல் பட்டம் கொடுத்தது. மன்னர் மார்க்கீஸ் பட்டம் கொடுத்தார். 'சென்யோர் குட்டியரஸ்' என்று கூப்பிட்டவர்களில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தார்கள்.

1995 டிசம்பர் 15. ஓர் உரை நிகழ்த்த பார்சிலோனாவுக்கு காரில் போய்க்கொண்டிருந்தார். குவாதலஹாரா மாகாணத்தில் சாலையில் பனி உறைந்திருந்தது. கார் விபத்துக்குள்ளாகி இறந்தார். வயது 83.

யு.எம்.டி. அதிகாரிகளுக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே, 1986-ல், நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பணி உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் பதவி இழந்து பத்து வருஷம் ஓடியிருந்தது. ராணுவ வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கும் வயதை அவர்கள் தாண்டியிருந்தார்கள். அரசின் பதக்கம் வர 2010 ஆனது. அதற்குள் அவர்களில் சிலர் இறந்திருந்தார்கள். பதக்கம் கொடுத்தது, மெயாடோ உருவாக்கிய அதே பாதுகாப்பு அமைச்சகம். அப்போது அமைச்சர் கார்மே சகோன். அந்த அமைச்சகம் உருவான 1977-ல் அவருக்கு 6 வயது.